பொலும்புவின் நெருப்புச் சட்டி

பொலும்பு அக்கா காலையில் எழுந்ததும் முகம் கழுவமாட்டாள். முதலில் மேட்டின் விளிம்புக்குப் போவாள். தண்ணீர் மண்ணைத் தொடுகிற கோட்டிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிக் குந்தி உட்கார்ந்து, வலது கட்டை விரலை நகம் மறையும்வரை மண்ணில் அழுத்துவாள். பிறகு விரலை எடுத்துவிட்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழி வறண்டு கிடந்தால் எழுந்துவிடுவாள். அடியில் நீர் ஊறி மினுங்கினால் இன்னும் ஒரு சாண் உள்ளே நகர்ந்து மறுபடி அழுத்துவாள். விரலில் ஒட்டிய மண்ணைக்கூட வீணாக்கமாட்டாள். வீட்டுச் சுவரில் தேய்த்துவிடுவாள். கிழக்குச் சுவர் முழுக்கக் கட்டை விரல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மீன் செதிள் மாதிரி இருக்கும்.

படகில் கடந்துபோகும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன அக்கா, மேட்டுக்கு நாடி பாக்குறியா?"

"ஆமாடி. உன் புருஷனையும் கூட்டிட்டு வா, சேர்த்துப் பாத்துடறேன். ரொம்ப நாளா அசைவே இல்லையாமே."

தண்ணீரில் பிறந்தவர்கள் யாரும் இப்படி விரல் வைத்துப் பார்ப்பதில்லை. பொலும்பு தண்ணீரில் பிறந்தவள் இல்லை. விடியலில் கிளம்பித் துடுப்புப் போட்டால் பொழுது சாயும்போது போய்ச் சேருகிற காய்ந்த நிலத்துக்காரி. மரவள்ளி நடுகிற ஜனம். அவர்களை நாங்கள் 'காய்ந்த கால்' என்போம். அவர்கள் எங்களைத் 'தவளை' என்பார்கள். வாரச் சந்தையில் இப்படித் திட்டிக்கொண்டேதான் மீனையும் கிழங்கையும் மாற்றிக்கொள்வோம். அவர்களிடம் மீன் இல்லை. எங்களிடம் ஒரு செடி நட மண் இல்லை. ங்கிரி ஆறு காங்கோவில் போய் விழுவதற்கு முன்னால், எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் காட்டுக்குள் பரந்து கிடக்கிறது. அதில்தான் எங்கள் ஊர்; தண்ணீருக்குள் மண் கொட்டி எழுப்பிய மேடு ஒவ்வொன்றிலும் ஒரு வீடு.

எங்கள் ஊர் மொகெங்கே ஒருமுறை புகைபோட்ட கெளுத்தியோடு அந்தச் சந்தைக்குப் போய், இலையில் கட்டி அவித்த மரவள்ளிக் கட்டியோடும் பொலும்புவோடும் திரும்பி வந்தான். அப்போது அவனுக்குச் சொந்தமாக மேடு கிடையாது. கால்வாய் பெரிய ஆற்றைத் தொடுகிற முனையில், யாரும் வேண்டாமென்று விட்ட ஒரு பள்ளத்தில் அவர்கள் இருவரும் மண் கொட்டத் தொடங்கினார்கள். நீர் வற்றும் மாதங்களில் அவன் இடுப்பளவு சேற்றில் நின்று அடிமண்ணை வெட்டிக் கொடுப்பான், இவள் கூடையில் சுமந்து கொட்டுவாள். கொட்டியதில் பாதியை அடுத்த வெள்ளம் கொண்டுபோகும். மறுபடி கொட்டினார்கள். களிமண், அடுப்புச் சாம்பல், நத்தை ஓடு, உடைந்த சட்டி, மீன் முள் என்று வீட்டில் மிஞ்சிய எதுவும் மேட்டுக்குள்தான் போனது. பிறந்து தங்காத இரண்டு குழந்தைகளும் அதற்குள்தான் இருந்தன.

மேடு வீடு தாங்கும் அளவுக்கு உயர்ந்த பிறகு, நகரத்திலிருந்து உப்பும் சோப்பும் துணியும் ஏற்றிவரும் வியாபாரப் படகுகள் முதலில் அங்கே நிற்க ஆரம்பித்தன. யாரும் வேண்டாமென்ற இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மொகெங்கேக்கு வயிறு வீங்கியது. மருத்துவர் இருக்கும் ஊருக்கு அவனைக் கொண்டுபோன படகு ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக்கொண்டது. வெட்டி வெளியே வந்தபோது, இனி எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் மேட்டுக்குப் பத்திரம் கிடையாது, நெருப்புதான். வீட்டு ஆண் செத்தபிறகு வருகிற முதல் வெள்ளத்தில், நீர் ஏறி இறங்கும்வரை, அந்த வீட்டின் பழைய நெருப்பு அணையாமல் மேட்டில் இருந்தால் மேடு விதவைக்கு. பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. நடுவில் அணைந்தால், முதலில் வந்து தன் நெருப்பை அங்கே வைப்பவனுக்கு. தீக்குச்சி உரசிப் புதிதாக மூட்டக் கூடாது, அடுத்த மேட்டிலிருந்து கங்கு வாங்கவும் கூடாது. விறகு வேண்டுமானால் யாரும் கொடுக்கலாம்.

மொகெங்கேயின் தம்பி இகோலி நீர் ஏறத் தொடங்கும் முன்பே ஒருநாள் வந்து மேட்டோரம் படகை நிறுத்தினான். நாங்கள் அடுத்த மேடு. பேச்செல்லாம் தண்ணீர்மேல் அப்படியே வந்து காதில் விழும்.

"அண்ணி, குடிக்கத் தண்ணி குடு."

"சுத்திலும் தண்ணிதான். குனிஞ்சு குடி."

"என் மேட்டுல ரெண்டு பொண்டாட்டி, ஒரு கூட்டம் பிள்ளைங்க, போதாததுக்கு ஒரு ஆடு. நான் படுத்தா ஆடு நிக்கணும், ஆடு படுத்தா நான் நிக்கணும். நீ ஒத்த ஆளு இங்க கால நீட்டிட்டுக் கெடக்கற."

"மடக்கிப் படுத்துக்கறேன். ஆட்ட அனுப்பு."

"ஆட்டோட என்னையும் சேர்த்துக்கயேன். மூணாவதா இரு. முறைதானே?"

"உங்கண்ணன் குறட்டை விடமாட்டான். எனக்கு அப்படித் தூங்கித்தான் பழக்கம்."

இகோலி சிரித்தான். அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவன் மேடு ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னான்: "மேல உபாங்கி ஆத்துப் பக்கம் மழை விடவே இல்லையாம். இந்த வருசம் பெருசா வருது. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன் அண்ணி. தண்ணி பண்ணும். நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருப்பேன்."

"உக்காரு. படகுல ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு உக்காரு."

அவன் போனபிறகு என் அக்கா லியாம்பா அவளிடம் கேட்டாள், காய்ந்த நிலத்துக்கே திரும்பிவிடலாமே என்று. பொலும்பு மீன் செதிளைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "என் வயல அண்ணன் அவன் மருமகளுக்குக் குடுத்துட்டான். அங்க என் பேருல ஒரு கிழங்குகூட மண்ணுக்குள்ள இல்லடி. இங்கயாவது மண்ணு இருக்கு."

வெள்ளம் வந்தது. சந்தைக்குப் போகிற வாய்க்கால்கள் காட்டோடு ஒன்றாகிவிட்டதால் கிழங்கு வருவது நின்றது. மீன்கள் மரங்களுக்கிடையே பரவிப் போய்விட்டன. வலை வெறுமையாக ஏறியது. தண்ணீர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விருந்தாளி மாதிரி வாசலில் தயங்கி, பிறகு உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. வழக்கம்போல வீட்டுக்குள் மரத்தூண் நட்டுப் பரண் போட்டுக்கொண்டோம். பரண்மேல் களிமண் பூசி அதில் அடுப்பு. தூண் மேட்டில் நிற்கிறது, நெருப்பு தூண்மேல் இருக்கிறது. ஆகவே அது மேட்டில்தான் இருக்கிறது என்பது எங்கள் வழக்கு. பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காய்ந்த நிலத்துப் பக்கம் போய்விட்டார்கள். பொலும்பு பரணிலிருந்து இறங்கவில்லை. விரலால் அழுத்திப் பார்க்க இப்போது விளிம்பு இல்லை. தூண்களைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளக் காலத்தில் அலை மேட்டை அரிக்காமல் இருக்க, மிதக்கும் புல்திட்டு ஒன்றை இழுத்துவந்து மேட்டுக்கு முன்னால் நிறுத்துவோம். அலை புல்லில் மோதிச் செத்துவிடும். திட்டை மேட்டோடு கட்டமாட்டோம். தனியாக ஒரு கழியைத் தண்ணீருக்குள் நட்டு, அதில் பிரம்பு வளையம் மாட்டித் திட்டை அந்த வளையத்தில் கட்டுவோம். நீர் ஏற ஏற வளையமும் கழியில் ஏறும். பொலும்புவின் கழிகளை ஒரு மழை பிடுங்கிப் போய்விட்டது. புதிய கழி வெட்டக் காட்டில் தரை தெரியவில்லை. அவள் திட்டை வீட்டுத் தூண்களிலேயே பிரம்பால் இறுக்கிக் கட்டினாள்.

லியாம்பா அதைப் பார்த்ததும் எங்கள் மேட்டிலிருந்து கத்தினாள். "அக்கா! அது ஆத்தோட போற சாமான். அத ஏன் வீட்டுல கட்டற? அவுத்து விடு!"

"மீன் புகையில இருக்கு. இறக்கி வச்சுட்டு அவுக்கறேன்."

"மீன அப்புறம் பாக்கலாம்."

"மேல போன வியாபாரப் படகு திரும்பி வருதாம். இதக் குடுத்தாத்தான் கிழங்கு. கிழங்கத் தின்னாத்தான் நான் இங்க உக்காரலாம்."

அவள் சொன்னது சரிதான். கடைசி மீன் அது. பாதியில் இறக்கினால் புழு வைத்துவிடும்.

மீன் இன்னும் புகையில் இருந்தபோதே ஆகாயத்தாமரை வந்தது. மேலே எங்கோ அறுந்துகொண்ட பெரிய பரப்பு; நடுவில் ஒரு கொக்கு சவாரி செய்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் வந்து புல்திட்டின்மேல் சாய்ந்தது. திட்டு நகரப் பார்த்தது, பிரம்பு இறுகியது. பொலும்பு வெட்டுக்கத்தியோடு இறங்கி ஓடி வந்தாள். ஒரு பிரம்பை வெட்டினாள். மற்றதை வெட்டுவதற்குள் முன்தூண் வேரோடு வருகிற பல் மாதிரி மண்ணைக் கவ்விக்கொண்டு எழுந்து வந்தது. அதன் பின்னால் அடுத்த தூண். கூரை ஒருபக்கமாக மண்டியிட்டது. சுவர் முழுதாக நின்று, பிறகு நிற்கவில்லை. தூண்கள் பிடுங்கிக்கொண்ட இடங்களில் நீர் புகுந்து மேடு உள்ளிருந்தே கரையத் தொடங்கியது. பழுப்பு நீரில் சாம்பல் நிறம் கலந்து எங்கள் மேட்டைத் தாண்டிப் போனது.

நாங்கள் படகை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் தொடையளவு நீரில் நின்றாள். மீன் இல்லை, பரண் இல்லை. தலைமேல் ஒரு மண்சட்டி. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஏறு அக்கா," என்றாள் லியாம்பா.

"நெருப்போட ஏறுனா மேடு போயிடும்."

"மேடு எங்கக்கா இருக்கு?"

"என் காலுக்குக் கீழ."

லியாம்பா படகில் இருந்த காய்ந்த பனங்கொட்டை ஓடுகளை அள்ளி, எம்பி, சட்டிக்குள் போட்டாள்.

இகோலி சொன்னபடியே வந்தான். கொஞ்சம் தள்ளிக் கழி நட்டுப் படகைக் கட்டி, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் தகர டப்பாவில் அவனுடைய நெருப்பு.

"அண்ணி, இது செல்லாது. நெருப்பு மண்ணுல இருக்கணும்."

"உன் வீட்டுல மண்ணுலயா இருக்கு? பரண்மேலதானே?"

"பரண் தூண்மேல இருக்கு."

"மரத்தூண் நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா? மரத்துக்கு இருக்கற மரியாதை கூட எனக்கு இல்லையா?"

"தூணுக்குப் பசிக்காது. தூக்கம் வராது."

"அதனாலதான் சொல்றேன், தூண விட நான் ஒசத்தி."

சுற்றி நின்ற படகுகளில் சிரிப்பு எழுந்தது. இகோலியும் சிரித்துவிட்டான். ஆனால் படகை அவிழ்க்கவில்லை.

இருட்டும்வரை நின்றாள். விடிந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பளவு நீரில். காலுக்குக் கீழே மண் போகப் போக, அவள் விரல்களால் துழாவி இன்னும் போகாத இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். முதல் நாள் நின்ற இடத்தில் அவள் இப்போது இல்லை. கைகள் மாறி மாறிச் சட்டியைப் பிடித்தன, பிறகு மாறவில்லை. இரண்டும் அங்கேயே மரத்துவிட்டன. லியாம்பா எங்களிடம் மிஞ்சியிருந்த மரவள்ளிக் கட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினாள். அவள் மென்றாள், விழுங்க மறந்தாள்.

"அண்ணி," என்றான் இகோலி, குரல் இறங்கி. "போதும். வா. என் பொண்டாட்டிங்க ரெண்டு பேரும் உனக்கு இடம் விட்டுடுவாங்க. நான் கேக்கறது மேடு. உன் உசுரு இல்ல."

"ரெண்டும் வேறவேறன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவன்தான் கடைசியில் ஆள் அனுப்பி ஊர்த்தலைவர் போசெம்பாவை வரவழைத்தான். போசெம்பா மாமா கனத்த உடம்பு. இருமிக்கொண்டே படகில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"மண்ணுல நிக்கிற எதுமேல இருந்தாலும் செல்லும்னுதான் பேச்சு," என்றார். "அது மரமாத்தான் இருக்கணும்னு நம்ம ஆளுங்க யாரும் சொன்னதில்ல. பொலும்பு நிக்கிறா. நெருப்பு இருக்கிறவரைக்கும் மேடு அவளோடது."

பெண்கள் குலவையிட்டார்கள். பொலும்புவின் முகத்தில் அசைவு இல்லை. அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. உதடு மட்டும் "சரி, சரி" என்றது. நீர் அன்றைக்கு ஏறவில்லை. முனையில் மிதந்த நுரை நகராமல் நின்றது. நாலைந்து நாள் நின்றால் இறங்கத் தொடங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து நாள் என்று சொன்னவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

மழை மதியத்துக்குமேல் பிடித்தது. எதிரில் இருப்பவர் தெரியாத மழை. லியாம்பா கூடையைக் கவிழ்த்துச் சட்டிக்குமேல் பிடித்தாள். கூடையில் ஓட்டைகள் இருந்தன. என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பனங்கொட்டை ஓடுகளெல்லாம் ஊறிவிட்டன. முதலில் கனத்த வெள்ளைப் புகை வந்தது. பிறகு மெல்லிய புகை. மழை விட்டபோது புகை இல்லை.

பொலும்புவுக்கு அது தெரியாது. தன் தலைமேல் இருப்பதை அவளால் பார்க்க முடியாது. கழுத்து திரும்பவில்லை, கை இறங்கவில்லை.

"இருக்கா?" என்றாள்.

மழைக்குத் தன் மேட்டுக்குப் போயிருந்த போசெம்பா மாமா திரும்பி வந்தார். படகை அவளருகில் ஒட்டி நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று, ஒரு குச்சியால் சட்டிக்குள் கிளறினார். அவருடைய கனத்த உடம்பு மறைத்ததில் சட்டிக்குள் அவர் ஒருவர்தான் பார்க்க முடிந்தது.

"மாமா, இருக்கா?"

அவர் இருமினார். "இல்லம்மா."

"அடியில கிளறு."

"கிளறிட்டேன். சாம்பல்தான்."

"கை வச்சுப் பாரு மாமா. சில சமயம் தெரியாது. கை வச்சாத்தான் தெரியும்."

அவர் சட்டிக்குள் கை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "குளுந்து கெடக்கு. நீ வா."

பொலும்பு அழவில்லை. "என்னால கைய எடுக்க முடியல," என்று மட்டும் சொன்னாள். போசெம்பா மாமா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சட்டியை எடுத்துத் தன் படகில் காலடியில் வைத்துக்கொண்டார். சட்டி போனதும் அவள் முழங்கால் மடங்கியது. நானும் லியாம்பாவும் அக்குளில் கைகொடுத்துப் படகுக்குள் இழுத்துப் போட்டோம். பாதங்கள் வெளுத்து, ஊறிய மரவள்ளி மாதிரி தோல் கழன்றிருந்தன.

இகோலி அவள் நின்ற இடத்துக்குத் துடுப்புப் போட்டு வந்தான். துழாவிப் பார்த்து, கழியை அங்கே நட்டு, அதன் உச்சியில் தன் தகர டப்பாவைக் கட்டினான். எங்களைப் பார்க்காமல் செய்தான்.

நீர் இறங்கும்வரை பொலும்பு எங்கள் வீட்டுப் பரணில் படுத்திருந்தாள். காய்ச்சலில் யாரிடமோ மண் கேட்டுக்கொண்டிருந்தாள். நடக்க முடிந்ததும் ம்பண்டாக்கா நகரத்துக்குப் போகிற வியாபாரப் படகில் மீன் மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்தாள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை. இகோலி ஒரு கட்டுப் புகைமீனோடு வந்து நின்றான்.

"வழிக்கு, அண்ணி."

அவள் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள சரியா வேகல," என்றாள். வாங்கிக்கொண்டாள்.

அவளைப் பற்றி அதன்பிறகு சேதி எதுவும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாள் என்று ஒரு படகுக்காரன் சொன்னான். வேறொருவன், அது வேறு பொலும்பு என்றான்.

அடுத்து நீர் வற்றிய காலத்தில் வலை முடியக் கயிறு கேட்டு போசெம்பா மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இல்லை. அவர் மனைவி அடுப்பருகில் உட்காரச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு போன வெள்ளத்துக்குப் போனது. எல்லோர் வீட்டிலும் விறகு நனைந்து கிடந்த அந்தப் பெருமழையைச் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் அடுப்பும் அணைந்துவிட்டதாம். அவர் பொழுது சாய எங்கிருந்தோ ஒரு சட்டியோடு வந்தாராம். மேலே சாம்பல், ஊதினால் அடியில் அவ்வளவும் சிவப்புக் கங்கு. அவருக்கு உள்ளங்கை கொப்புளித்திருந்ததாம். அந்த நெருப்பில்தான் அன்று மீன் சுட்டுத் தின்றோம் என்றாள்.